ஏரியில் எத்தனை பறவை?

கோடியக்கரைக்கு மேற்கே, முத்துப்பேட்டைப் பக்கமாக ஒரு பெரிய சதுப்பு நிலம் நீண்டு கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி, தை மாதங்களில் அதன் ஓரத்தில் போய் நின்றால், தூரத்தில் தண்ணீரின் மேல் வெளிர் சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது பூநாரைக் கூட்டம். அதற்கும் இப்பால், கரையோரச் சேற்றில், பழுப்பு நிறத்தில் ஏதோ ஊர்வது போலிருக்கும். அது கொசு உள்ளான் கூட்டம். இந்தப் பறவையின் எடை முப்பது கிராமைத் தாண்டுவதே அரிது. சைபீரியாவின் வடகோடியில், துருவப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இத்தனை தூரம் பறந்து வருகிறது.

இப்போது யாராவது உங்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "இங்கே எத்தனை பறவை இருக்கிறது, எழுது" என்றால் என்ன செய்வீர்கள்?

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கலாம். நொடிக்கு இரண்டு பறவை வீதம் எண்ணினாலும், 20,000 பறவைகளை எண்ணி முடிக்க 2 மணி 47 நிமிடம் ஆகும். அதுவரை ஒரு பறவையும் இடம் மாறக் கூடாது! ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் போதும். கூட்டம் முழுவதும் குபீரென்று எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, வேறோர் இடத்தில் இறங்கும். நீங்கள் எண்ணியவை எவை, எண்ணாதவை எவை?

ஆகவே பெரிய கூட்டத்தை யாரும் எண்ணுவதில்லை. மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடுவது என்றால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடுவது அல்ல. அதற்கு முறைகள் உண்டு; அந்த முறைகளில் எங்கே, எந்தப் பக்கமாகப் பிழை வரும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

எண்ணி என்ன ஆகப் போகிறது?

நியாயமான கேள்வி. பறவைகள் வந்தன, போயின. ஆயிரமானால் என்ன, பதினாயிரமானால் என்ன?

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, ஈரான் நாட்டில் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ராம்சார் என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏரி, சதுப்பு, கழிமுகம் போன்ற நீர்நிலைகளைக் காப்பதற்கான உலக உடன்படிக்கை அது. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. எந்த நீர்நிலையை உலக முக்கியத்துவம் உள்ளது என்று ஏற்பது? அதற்குப் பல விதிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு முற்றிலும் எண்ணிக்கையைச் சார்ந்தவை. ஒன்று, அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளாவது தங்க வேண்டும். மற்றொன்று, ஏதேனும் ஓர் இன நீர்ப்பறவையின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்காவது வழக்கமாக அங்கே இருக்க வேண்டும். கோடியக்கரை 2002இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

இந்த விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் இனப் பறவை ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று என்றால் ஆயிரம். ஓர் ஏரியில் உண்மையில் 1,200 பறவைகள் இருக்கின்றன. எண்ணப் போனவர் 850 என்று எழுதிவிட்டு வந்துவிட்டார். அந்த ஏரி தேறவில்லை. அதன் கரையில் நாளை மண் கொட்டிச் சாலை போட வந்தால், "இது முக்கியமான ஏரி" என்று சொல்லக் கையில் ஆதாரம் இருக்காது.

மொத்தத் தொகையே தவறாக இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. ஓரியண்டல் பிராட்டின்கோல் என்றொரு பறவை உண்டு. உள்ளான்களுக்கு உறவு, தகைவிலான் குருவியைப் போலப் பறந்தபடியே பூச்சி பிடிக்கும். ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குளிர்காலம் கழிக்கப் போகும். உலகத்தில் இது மொத்தம் 75,000 இருக்கும் என்று புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 2004 பிப்ரவரியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் 'எண்பது மைல் கடற்கரை'ப் பகுதியில் பறவை ஆராய்ச்சியாளர்கள் எடுத்த மதிப்பீடு என்ன தெரியுமா? 28 லட்சத்து 80 ஆயிரம்! உலகம் முழுவதற்கும் சொன்ன தொகையைப் போல ஏறக்குறைய 38 மடங்கு, ஒரே கடற்கரையில். நூற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவு 750லிருந்து 28,800க்குத் தாவிவிட்டது. பறவை திடீரென்று பெருகிவிடவில்லை. அதுவரை சரியான நேரத்தில் சரியான இடத்தில் யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நமது கண் எப்படி எண்ணுகிறது?

மேசை மேல் மூன்று புளியங்கொட்டைகளைப் போட்டால், எண்ணாமலேயே மூன்று என்று சொல்லிவிடுவீர்கள். நான்கும் அப்படித்தான். ஏழு, எட்டு என்றால்? ஒரு கணம் தயங்குவீர்கள்.

இங்கிலாந்தில் ஸ்டான்லி ஜெவான்ஸ் என்ற அறிஞர் இருந்தார். பொருளாதாரத்தில் பெயர் பெற்றவர். கண்ணின் எண்ணும் திறமையை அளக்க அவருக்கு ஓர் ஆசை. ஒரு தட்டின் நடுவே சிறிய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, கை நிறையப் பயற்றை அள்ளி அதை நோக்கி வீசுவார். சில பெட்டிக்குள் விழும், சில வெளியே சிதறும். பெட்டிக்குள் விழுந்தவற்றைப் பார்த்த கணத்திலேயே எத்தனை என்று சொல்லிவிட்டு, பிறகு எண்ணிப் பார்ப்பார். இப்படி ஒரு முறை, இரு முறை அல்ல, 1,027 முறை! 1871இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார். மூன்றிலும் நான்கிலும் அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறு தொடங்கியது. அதற்கு மேல் எண் வளர வளரப் பிழையும் வளர்ந்தது. விலையுயர்ந்த கருவி ஏதுமில்லாமல், ஒரு பிடிப் பயற்றை வைத்துக்கொண்டு செய்த இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளுள் ஒன்று.

அவருக்கு முன்பே, ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் என்பவர் எடையைத் தூக்கிப் பார்த்து ஒரு விதியைக் கண்டிருந்தார். வித்தியாசத்தை நாம் உணர்வது அதன் அளவைப் பொறுத்தது அல்ல, விகிதத்தைப் பொறுத்தது. பத்துப் பறவைக்கும் பதினைந்து பறவைக்கும் உள்ள வேறுபாடு பார்த்தவுடன் தெரியும். ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்துக்கும் உள்ள வேறுபாடு யாருக்குத் தெரியும்? இரண்டிலும் ஐந்துதான் கூடுதல்.

சரி, பிழை வரட்டும். சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள். பத்துப் பேர் சொன்னதைச் சராசரி எடுத்தால் சரியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். சில விஷயங்களில் சரியாகிவிடும். 1907இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற விஞ்ஞானி ஒரு கால்நடைக் கண்காட்சியில் நடந்த போட்டியை ஆராய்ந்தார். ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி. 787 பேருடைய சீட்டுகளை வரிசைப்படுத்தி, நடுவில் நின்ற எண்ணை எடுத்தார். 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. வியப்பல்லவா?

பறவைக் கூட்டத்தில் இந்த வித்தை பலிப்பதில்லை. பறவைக் கூட்டங்களின் படங்களைப் பலருக்கும் காட்டி மதிப்பிடச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். சிறிய கூட்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் சொல்வார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, பெரும்பாலோர் குறைத்தே சொல்கிறார்கள். எல்லோருடைய பிழையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், நூறு பேருடைய சராசரியும் அதே பக்கம்தானே சாயும்? தராசு முள்ளே கோணலாக இருக்கும்போது எத்தனை முறை நிறுத்தால் என்ன!

குறைத்துச் சொல்வதற்குக் காரணங்கள் பல. ஏரிக்கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது முன்னால் இருக்கும் பறவை பின்னால் இருப்பதை மறைக்கிறது. மேயும் வாத்துகளில் எப்போதும் ஒரு பங்கு தலையை நீருக்குள் விட்டிருக்கும். கண் களைத்தபின் தாண்டித் தாண்டிப் போகும். "ஐயாயிரமா! மிகைப்படுத்துகிறான்" என்று மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சாய்வு வெறும் எண் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. கணக்குக்காக ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அங்கே 10,000 வாத்துகள் வந்தன. 7,000 என்று எழுதினார்கள். பிறகு ஏரி கெட்டுப் போய், 5,000 வாத்துகளே வந்தன. கூட்டம் சிறியதானதால் பிழையும் குறைந்து 4,000 என்று எழுதினார்கள். உண்மையில் வாத்துகள் சரிபாதியாகிவிட்டன. நோட்டில் பார்த்தால் நூற்றுக்கு 43 பங்குதான் குறைந்திருக்கிறது. ஏரி நலிவதை நமது கண்ணே பாதி மறைத்துவிடுகிறது!

பத்தில் தொடங்கு

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஏரியில் ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று மிதக்கிறது. இடது ஓரத்திலிருந்து பத்து வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவு இடம், அதே அளவு இடம் என்று பத்துப் பத்தாகத் தாண்டி நூறு வரை வாருங்கள். இப்போது நூறு வாத்து அடைக்கும் இடம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. இனி நூறு நூறாகத் தாண்டலாம். கூட்டம் மிகப் பெரிதானால் ஆயிரம் வாத்துக் கட்டம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு அதைக் கொண்டு அளக்கலாம். துணிக்கடையில் முழக்கோலை வைத்துப் புரட்டிப் புரட்டி அளக்கிறார்களே, அது போலத்தான்.

முழக்கோல் நீளாது, சுருங்காது. நமது மனக் கட்டமோ தாண்டத் தாண்ட மெல்லப் பெருத்துவிடும். பெருத்த கட்டத்தில் நூறு என்று நினைக்கும் இடத்தில் நூற்று நாற்பது இருக்கும். ஆகவே ஐந்தாறு கட்டத்துக்கு ஒரு முறை நின்று, மறுபடி பத்தை ஒவ்வொன்றாக எண்ணிக் கட்டத்தைச் சரி செய்துகொள்ள வேண்டும். அனுபவசாலிகள் இதை விடுவதே இல்லை.

இன்னொரு சங்கடம். கூட்டம் எங்கும் ஒரே நெருக்கமாக இருக்காது. நடுவில் அடைசலாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும். ஓரத்தில் எடுத்த கட்டத்தை நடுவில் வைத்தால் குறையும்; நடுவில் எடுத்ததை ஓரத்தில் வைத்தால் கூடும். நெருக்கமான பகுதிக்கு ஒரு கட்டம், கலைந்த பகுதிக்கு வேறு கட்டம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

பல இனங்கள் கலந்திருந்தால், முதலில் மொத்தத்தை மதிப்பிட்டுவிடுங்கள். பிறகு தொலைநோக்கியைக் கூட்டத்தின் பல இடங்களில் நிறுத்தி, கண்ணில் படும் ஐம்பதில் ஊசிவால் எத்தனை, நீலச்சிறகி எத்தனை, தட்டைவாயன் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த விகிதத்தில் மொத்தத்தைப் பிரித்துக்கொள்ளலாம். பல இடங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வாத்துகளும் நம்மைப் போல இனத்தோடு இனமாகச் சேர்ந்து உட்காரும் பழக்கமுள்ளவை!

பறக்கும் கூட்டத்துக்கு வேறு வழி. வேடந்தாங்கல் போன்ற இடங்களில் மாலை நேரத்தில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூட்டங் கூட்டமாக வந்து அடையும். ஒரு பனை மரத்தையோ கம்பத்தையோ குறியாக வைத்துக்கொண்டு, அதைக் கடக்கும் பறவைகளை மட்டும் எண்ணுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தனித்தனியாகக் குறித்துக்கொள்வது அவசியம். ஏனென்றால் வருகை சீராக இராது, இருட்டும் நேரத்தில் குவியும். கட்டை விரலால் அழுத்தினால் ஒன்று கூடும் சிறிய எண்ணுங் கருவி இந்த வேலைக்கு மிகவும் உதவும். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

பெருக்கல் தந்த பேரெண்

பரப்பையும் நெருக்கத்தையும் பெருக்கித் தொகை காண்பது மற்றொரு வழி. இதன் சிறப்பும் ஆபத்தும் ஒரே கதையில் விளங்கும். கதையில் வருவது நீர்ப்பறவை அல்ல, புறா. இருந்தாலும் சொல்ல வேண்டியது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கிப் பகுதியில் அலெக்சாண்டர் வில்சன் என்ற பறவையியலார், பயணப் புறாக்களின் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் போவதைக் கண்டார். கூட்டத்தின் அகலம் ஒரு மைல் என்று கொண்டார். நிமிடத்துக்கு ஒரு மைல் வேகம். நான்கு மணி நேரம் கடந்து சென்றது. ஆகவே நீளம் 240 மைல். ஒரு சதுர கஜத்துக்கு மூன்று புறா. பெருக்கிப் பாருங்கள்: மைலுக்கு 1,760 கஜம். விடை 223 கோடியே 2 லட்சத்து 72 ஆயிரம்!

விடையின் கடைசி ஆயிரம் வரை எவ்வளவு துல்லியம் போலத் தோன்றுகிறது! அகலம், வேகம், நெருக்கம் மூன்றுமே கண்ணளவு. சதுர கஜத்துக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு என்று கொண்டால் 74 கோடிப் புறாக்கள் ஒரு நொடியில் மறைந்துவிடும். சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1813இல், ஆடுபான் என்ற ஓவியரும் இதே போன்ற கூட்டத்தைக் கண்டு கணக்கிட்டார். அவர் மூன்று மணி நேரம், சதுர கஜத்துக்கு இரண்டு புறா என்று கொண்டார். அவருக்கு வந்தது 111 கோடியே 51 லட்சத்து 36 ஆயிரம். வில்சன் கண்டதில் சரிபாதி. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஏன் சரிபாதி வந்தது என்பது உங்களுக்கே புலப்படும்.

இவ்வளவு பெருந்தொகை இருந்த புறா இனம், வேட்டையாலும் காடழிப்பாலும் அடியோடு போயிற்று. கடைசிப் புறா 1914இல் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது.

பறவைகள் கூடு கட்டும் காலமானால் கவலை குறைவு. பறவை பறந்துவிடும், கூடு பறக்காது. 1945 ஏப்ரலில் சாலிம் அலி, கட்ச் பாலைவனத்தின் ரண் பகுதிக்குச் சென்று, அங்கே பூநாரைகள் மண்ணைக் குவித்துக் கட்டியிருந்த கூடுகளைக் கணக்கெடுத்தார். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான கூடுகள். ஒரு கூட்டுக்குத் தாயும் தந்தையும் இரண்டு, குஞ்சு ஒன்று என்றாலே மூன்று லட்சம் ஆகிவிடுகிறது. மற்றவற்றையும் சேர்த்துப் பெரியவையும் குஞ்சுகளுமாகச் சுமார் 5 லட்சம் என்று அவர் மதிப்பிட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பரவி நிற்கும் செந்நிறக் கூட்டத்தை மட்டும் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால், அதை இவ்வளவு நம்பிக்கையுடன் நாம் எடுத்தாள முடியாது.

படம் பிடித்து எண்ணலாமே?

எண்ணலாம். கூட்டம் முழுவதும் அடங்கும்படி, ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு படங்களை எடுத்து, பெரிதாக்கி, பறவைக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஒன்றையும் இரு முறை எண்ண மாட்டோம். பொறுமைதான் வேண்டும். இப்போது கம்ப்யூட்டரே பறவைகளை அடையாளங் கண்டு எண்ணுகிறது. ஆனால் கரையிலிருந்து எடுத்த படத்தில் ஒளிந்த பறவை ஒளிந்ததுதான். கம்ப்யூட்டராலும் காணாததை எண்ண முடியாது.

மேலிருந்து பார்த்தால்? ஆளில்லாச் சிறு விமானமான டிரோன் வந்தபின் இது கைகூடியது. அதன் எண்ணிக்கை கரையில் நிற்பவர்களின் எண்ணிக்கையைவிட மேலானதா என்பதை எப்படிச் சோதிப்பது? உண்மைத் தொகை தெரிந்த கூட்டம் ஒன்று வேண்டும். உயிருள்ள பறவைகளில் அது கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வேடிக்கையான வழி கண்டார்கள். நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துகளைக் கடற்கரை மணலில் ஆலாப் பறவைகளின் குடியிருப்பைப் போலப் பரப்பி வைத்தார்கள். எத்தனை பொம்மை என்பது வைத்தவர்களுக்குத் தெரியும். அனுபவமுள்ளவர்கள் தொலைநோக்கியுடன் தரையிலிருந்து எண்ணினார்கள். டிரோன் மேலிருந்து படம் எடுத்தது. 2018இல் வெளியான முடிவின்படி, டிரோன் படங்களிலிருந்து பெற்ற எண்ணே உண்மைக்கு மிக நெருக்கமாக இருந்தது.

பிளாஸ்டிக் வாத்து பயந்து பறக்காது. உயிருள்ள வாத்து பறக்கும். டிரோன் தாழ்ந்து வந்தால் கூட்டமே கலைந்துவிடும். சரணாலயங்களில் முறையான அனுமதி இன்றி அதைப் பறக்கவிடவும் கூடாது. ஆகவே, பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரே நாளில் பல ஏரி

உலக அளவில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967இல் தொடங்கியது. ஆசியக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறுகிறது. வலசை வந்த பறவைகள் அப்போது ஓரளவு நிலையாகத் தங்கியிருக்கும். எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒரே நாட்களில் எண்ணுவதற்குக் காரணம், இன்று பழவேற்காட்டில் எண்ணிய பூநாரையை அடுத்த மாதம் கோடியக்கரையில் மறுபடி எண்ணிவிடக் கூடாது என்பதே. இந்தக் கணக்கெடுப்பில் பங்கு பெறுவோரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பள்ளி மாணவர்களும் அனுபவமுள்ளவர்களுடன் சேர்ந்து போகலாம்.

போவதற்கு முன் வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்ளுங்கள். ஒரு படி உளுந்தும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். நண்பர் ஒரு பிடி உளுந்தைத் தாளின் மேல் சிதற விடட்டும். ஐந்து நொடி மட்டும் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு, உங்கள் ஊகத்தை எழுதுங்கள். பிறகு இருவரும் எண்ணுங்கள். சில முறை சிறு சிட்டிகை, சில முறை பெரிய பிடி என்று மாற்றி மாற்றி முப்பது முறை செய்யுங்கள். வரைபடத் தாளில் உண்மை எண்ணைக் கிடையச்சிலும் ஊகத்தைக் குத்தச்சிலும் குறித்து, மூலையிலிருந்து 45 பாகையில் ஒரு நேர்கோடு வரையுங்கள். ஊகம் சரியாக இருந்தால் புள்ளி கோட்டின் மேலேயே விழும். எந்த எண்ணைத் தாண்டியபின் உங்கள் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்குகின்றன என்று பாருங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். பிறகு பத்துப் பத்தாகத் தாண்டும் முறையில், அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, மறுபடி முப்பது முறை செய்து, வேறு நிற மையால் அதே தாளில் குறியுங்கள்.

ஏரிக்குப் போகும்போது அந்த வரைபடத்தை நோட்டுக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே எழுதும்போது "ஊசிவால் வாத்து 1,200" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், 1,000 முதல் 1,400 வரை என்று இரு எல்லைகளையும் எழுதுங்கள். தேதி, மணி, கரையில் நின்ற இடம், வெயில் முகத்தில் அடித்ததா முதுகில் அடித்ததா, நீர் மட்டம், எந்த முறையில் எண்ணினீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். அடுத்த ஜனவரியில் அங்கே வந்து நிற்பவர் வேறொருவராக இருக்கலாம். அவர் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் எண்ணுவதற்கு அந்தப் பக்கம் வேண்டும்.